பில் புத்தகம்

ஈரத்துக்காகத்தான் போனேன்,
மரபுக்காக இல்லை.
தலைமாட்டுச் சுவரில் ஒரு கறை.
போன குளிர்காலத்தில் முழங்கால் உயரம்,
இந்தக் கோடையில் என் தோளைத் தொட்டுவிட்டது.
போர்வை, செருப்பு, ரொட்டி
எல்லாவற்றிலும் அதன் வாசனை.

கில்டெரின் ஊரின் பழைய வெண்ணெய்ச் சந்தை முற்றத்தில்
"உங்கள் சுவர் மூச்சு விடுகிறதா?" என்று
நகரசபை தட்டி வைத்திருந்தது.
பாதி எழுத்தை மழை தின்றிருந்தது.
வந்தவர்கள் ஒன்பது பேர்,
அதில் இருவர் பஸ்ஸுக்காக ஒதுங்கியவர்கள்.
அப்புறம் ஒரு நாய்.

கட்டடப் பாதுகாப்பு அலுவலர் டெர்வ்லா குவிக்லி
ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்தாள்.
"சுண்ணாம்பு தெறித்தால் கண் போய்விடும்."
ஆற்றோரத் தெருவுக்குப் பூந்தொட்டி, புதுச்சாயம்,
எங்கள் பின்சந்துக்குக் குப்பைத்தொட்டி.
இந்தச் சபைக்கு
எந்தக் கண்ணில் வெண்ணெய், எந்தக் கண்ணில் சுண்ணாம்பு என்று
எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரும்புத் தொட்டியில் சுட்ட கற்களைக் கொட்டித்
தண்ணீர் விட்டாள்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு முனகல்,
ஒரு விரிசல்,
நெருப்பே இல்லாமல் கொதித்தது.
நாய் இரண்டடி பின்வாங்கியது.
பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை.

மீன் ஆலையில் இரவுவேலை முடித்து நேரே வந்த யானினா
இடக்கையால் கரணையைப் பிடித்தாள்.
அப்பிய காரை விழுந்தது.
மறுபடி அப்பினாள், விழுந்தது.
போலிஷ் மொழியில் ஏதோ திட்டினாள்.
மூன்றாவது நின்றது.

"கல் மழையைக் குடிக்கும். சுண்ணாம்பு அதை வெளியே விடும்.
சிமெண்ட் விடாது.
மழைக்கோட்டுக்குள் வியர்த்தபடி
நாற்பது வருடம் நின்று பாருங்கள்!
எந்தப் புண்ணியவானோ இந்தத் தெரு முழுக்க..."

"நான்தான்."

மலக்கி ஹான்லன்.
கடைசியில், தூணோரம்,
தொப்பியிலிருந்து நீர் சொட்ட.
"எண்பத்தாறில்.
பாதிப் பணம் உங்கள் சபை கொடுத்த மானியம்."

தொட்டியில் சுண்ணாம்பு மட்டும்
களக், களக் என்றது.
டெர்வ்லாவின் காது சிவந்திருந்தது.
"உரிக்க முடியுமா?" என்றார் அவர்.
"எங்கே எவ்வளவு கனம் என்று தெரிந்தால் முடியும்.
தெருவை ஆய்வு செய்யச் சபையில் காசில்லை."

அவர் போய்விட்டார்.
கோபம் என்று நினைத்தோம்.
யானினா ஐந்தாவது இணைப்பை முடிக்கும்போது
பிஸ்கட் டின் ஒன்றோடு திரும்பி வந்தார்.
உள்ளே பில் புத்தகங்கள், நீலக் கார்பன் பிரதிகள்:
வீட்டு எண், சதுர கஜம்,
எத்தனை பூச்சு, எங்கே கம்பிவலை.
நாற்பத்து மூன்று வீடுகள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் எதிர்பார்க்கவுமில்லை.
அவர் வாசித்தார்.
டெர்வ்லா தட்டியைத் திருப்பிப்போட்டு
அதன் முதுகில் எழுதினாள்.

"முப்பத்தொன்று. பின்சுவர். மூன்று பூச்சு.
சன்னல் மட்டம் வரை வலை.
முழுத்தொகை பெறப்பட்டது."

என் வீடு.

"நல்ல வேலை அது," என்றார் என்னைப் பார்த்து.
"சுலபத்தில் பெயராது."
பெருமையா வருத்தமா,
அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் தெரியவில்லை.

உரித்த பிறகு ஒரு அங்குலம் காய ஒரு மாதமாம்.
என் சுவர் இரண்டடி. கணக்கு நீங்களே போடுங்கள்.
வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை.
கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினேன்.

வியாழன் மாலை
வெளியே தட்டும் சத்தம்.
கதவை இல்லை, சுவரை.
உளியால் இல்லை, விரல்முட்டியால்.
ஒரு சாண் தட்டி, காதை வைத்து,
அடுத்த சாண்.
எங்கே பொள்ளலாக ஒலிக்கிறதென்று
தன் கைவேலையையே அவர்
கேட்டுக்கொண்டிருந்தார்.